முகத்துக்கு மூன்று கோட்டிங்

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் கவுண்டரில் நின்றவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். நான் பின்னறையில் லென்ஸ் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா வந்து மெஷினைத் தானே அணைத்தார். "திங்கக்கிழமையிலேருந்து நீ முன்னாடி நில்லு. ஃப்ரேம் பத்தி உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

பதினான்கு வருடமாகப் பின்னறை. நானே கேட்டு வாங்கிய இடம். கடை முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடிகள், இங்கே மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. இடது நெற்றியிலிருந்து தாடைவரை, திராட்சைச் சாற்றைக் கொட்டினாற்போல ஒரு பிறவி மச்சம் எனக்கு. அதை வைத்துக்கொண்டு ஆட்களின் மூக்குக்கு நேரே நிற்பதா?

மார்ச் 5, புதன்

முடியாது என்று சொல்லத்தான் போனேன். சொல்லாமலே திரும்பி வந்து மெஷினைப் போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

சுண்டு ஒரு டப்பாவோடு வந்தாள். பதினாறு வயதாகியும் என் மகளுக்கு இந்தச் செல்லப் பெயர்தான். "ஃபவுண்டேஷனையே ஸ்ப்ரே பண்றதும்மா. க்ரீம் மாதிரி திட்டுத் திட்டா நிக்காதாம். போட்டுத்தான் பாரேன்."

"கொசு மருந்து மாதிரி இருக்கு" என்றேன். ஆனால் குளியலறைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஆசை யாரை விட்டது.

கிட்டே பிடித்து அடித்துவிட்டாள். தாடையில் வழிந்தது. புருவம், காது, முன்முடி எல்லாம் ஒரே நிறம். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர். அடியிலிருந்து மச்சம் சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்த்தது. சுண்டு சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். அதற்குள் நான் கத்திவிட்டேன் — "நீ உங்கப்பன் ஜாடை, உனக்கு எங்க புரியப்போவுது?"

அவள் டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எல்லோரும் சொல்வதுதான், அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று. அவள் பிறந்ததிலிருந்து அது எனக்கு நிம்மதி. என்னிடமிருந்து ஒன்றும் போய்ச் சேரவில்லையே என்ற நிம்மதி. அதை எடுத்தா அடித்தேன் அவளை?

மார்ச் 9, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் என் வீட்டுக்காரர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவர். பழைய பேப்பரில் ஒரு கோடு அடித்தார். "எவ்வளவு தூரத்துல புடிச்ச?" என்று மகளைக் கேட்டார். அவள் நாலு விரல் காட்டினாள். "அதான் வழிஞ்சிருக்கு. கை ஒரு இடத்துல நிக்கவே கூடாது. முதல் கோட்டிங் தூசி படிஞ்ச மாதிரி இருந்தா போதும். அப்புறம், சிவப்பு மேல நேரா அடிச்சா சிவப்பு தெரியத்தான் செய்யும். அடியில வேற ஏதாவது வேணும்."

"அதுக்குப் பச்சை க்ரீம் இருக்குப்பா!" சுண்டு எழுந்து ஓடினாள். இரண்டு நாளாக என்னோடு பேசாதவள், என் கன்னத்தில் விரல் நுனியால் பச்சையை ஒற்றி ஒற்றி வைத்தாள். "மன்னிச்சுக்கடி" என்றேன். "பேசாத, கலையுது" என்றாள்.

கார் ஜன்னலுக்கு ஒட்டுவதுபோல என் முடியையும் கழுத்தையும் பேப்பர் சுற்றி டேப் ஒட்டினார் அவர். "கண்ணை மூடு. மூச்சைப் புடி."

உஸ்ஸென்று ஒரு சத்தம். முகத்தில் எதுவும் விழுந்த மாதிரியே இல்லை. பனிக்குள் நடந்தால் கன்னம் குளிருமே, அவ்வளவுதான். நிறுத்தினார். காயவிட்டார். மறுபடி. மறுபடி. பதினேழு வருடக் குடித்தனத்தில் அவர் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. இன்றும் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன். ஆனால் அந்தக் கையின் நிதானத்தைக் கேட்டேன்.

கண்ணைத் திறந்தேன். கைக்கண்ணாடியை வாங்கினேன்.

உள்ளே சுண்டு இருந்தாள்.

என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். மறுபடி கண்ணாடி. அதே கன்ன எலும்பு. ஓரத்தில் கொஞ்சம் இறங்கிய அதே கண். கோபத்தை அடக்கும்போது அவள் மடிக்கும் அதே கீழுதடு. இது என்ன — யார் இது? இத்தனை நாள் இது எங்கே இருந்தது?

அவள் வந்து என் கன்னத்தோடு கன்னம் ஒட்டாமல் நின்று கண்ணாடியைப் பார்த்தாள். "அம்மா… இது நான்தானேம்மா?"

"அழாத, இன்னும் காயல" என்றார் அவர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு மெதுவாகச் சொன்னார்: "இவ பொறந்த அன்னிக்கே பார்த்தேன். உன்னை மாதிரியேதான் இருந்தா."

"ஏங்க சொல்லல?"

"உனக்குத் தெரியாதுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

மார்ச் 10, திங்கள்

கவுண்டரில் முதல் நாள். பத்தொன்பது பேர் வந்தார்கள். ஒருவர்கூட இரண்டாம் முறை பார்க்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் தினமும் இப்படித்தானா இருக்கிறது? இவ்வளவு லேசாகவா?

மார்ச் 21, வெள்ளி

இந்த ஸ்ப்ரேயை வாங்கலாமா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? வாங்கலாம். வெறும் ஸ்ப்ரே மட்டும் என் மச்சத்தை மறைக்காது, அடியில் பச்சை வேண்டும். முக்கால் மணி நேரம் ஆகும். மத்தியானத்துக்குள் காலரெல்லாம் பழுப்பு. பொறுமையான ஒரு கையும் வேண்டும், அது எந்தக் கடையிலும் கிடைக்காது. எல்லாம் சேர்ந்தால் — அம்மாடி.

ஏப்ரல் 12, சனி

காலையில் அவர் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிட்டார், எனக்கும் நேரமாகிவிட்டது. வெறும் முகத்தோடு போனேன். இந்த வாரத்தில் இது மூன்றாவது நாள்.

ஒரு பெரியவர் உற்றுப் பார்த்து, "தீக்காயமாம்மா?" என்றார். "பிறவியிலேயே உள்ளதுங்க" என்றேன். "அப்படியா. இந்த ஃப்ரேம் எனக்கு எடுப்பா இருக்கா பாரு." இல்லை என்று சொல்லி வேறொன்று எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் சுண்டு வந்தாள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறதாம். லென்ஸ் வெட்டுவதற்கு இரண்டு கண்மணிக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். சின்ன அளவுகோலை அவள் மூக்கின் மேல் வைத்தேன். அறுபது மில்லிமீட்டர்.

"குடு, உனக்கு நான் அளக்கறேன்" என்று பிடுங்கிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி செய்த எனக்கு யாரும் அளந்ததில்லை. கடை வெளிச்சத்தில், வெறும் முகத்தில், அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது. நான் கண்ணை மூடவில்லை.

"அறுபத்தொண்ணு. நான் இன்னும் ஒரு மில்லிமீட்டர் வளரணும்."

பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். சரியாகப் பார்த்தாயா, இன்னொரு தடவை அள என்றேன்.