உன் டிராகனை நான் கொன்ற ஞாயிற்றுக்கிழமை

நேற்று கேளம்பாக்கத்திலிருந்து திரும்பும் ஆபீஸ் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் நகப்பாலிஷ் பாட்டிலைத் திறந்தாள். குலுங்குகிற பஸ்ஸில் உட்கார்ந்து பூசிக்கொள்ள அவளுக்கு என்ன அவசரமோ தெரியவில்லை. அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது. செத்துப் போனவள் மேல் கோபப்படக் கூடாதாம். யார் சொன்னது?

நகப்பாலிஷ் அடித்துத்தான் நீ டிராகன் செய்தாய். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டோரம் விற்கிற பிளாஸ்டிக் முதலை ஒன்றை வாங்கி, பால் பாக்கெட்டில் இறக்கை வெட்டி ஒட்டி, உடம்பு முழுக்கப் பச்சை பூசி, என் வீட்டுச் சாப்பாட்டு மேசை நடுவில் கொண்டுவந்து வைத்தாய். துபாயில் இருக்கும் அண்ணனிடம் கெஞ்சி நான் வரவழைத்த அசல் டிராகன் பொம்மை அங்கே ஏற்கெனவே இருந்தது. நம்மோடு விளையாட வரும் பிரகாஷ் அதைத் தூக்கி ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஓரமாக வைத்தான். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த விளையாட்டை உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததே நான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ அதற்குள் நுழைவார்கள். பூதம் எதிரே வந்தால் பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். ரூல் புத்தகம் என்னுடையது, பகடைகள் என்னுடையவை, முடிச்சூரில் அந்த மேசை இருந்த வீடும் எங்களுடையது. சர்ச் முடிந்து, சாப்பாடு முடிந்து, மூன்று மணிக்கு எல்லோருக்கும் டீ போட்டது என் அம்மா. முதல் இரண்டு மாதம் கதை நடத்தியதும் நான்தான். பனிமலை, குகை, தங்கக் குவியல், அதன் மேல் படுத்திருக்கும் சிவப்பு டிராகன். புத்தகத்தில் இருந்ததை ஒரு வரி பிசகாமல் சொன்னேன். காட்டாங்குளத்தூர் காலேஜ் லேபில் வேலை பார்க்கும் பிரகாஷ் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டான்: "இது எந்த ஏரியா டிராகன்?"

யாஸ்மின் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அவர்கள் வீட்டுக் கண்ணாடிக் கடையில் சிரித்திருந்தால் ஒரு கண்ணாடி மிஞ்சியிருக்காது. நீ சிரிக்கவில்லை. "ஒரு வாரம் நான் நடத்திப் பாக்கட்டுமாடி?" என்றாய். பெரிய மனசு பண்ணிச் சரி என்று தொலைத்தேன். அதற்குப் பிறகு அந்த நாற்காலி எனக்குத் திரும்பி வரவே இல்லை.

உன் டிராகன் முடிச்சூர் ஏரிக்கு அடியில் இருந்தது. அது நெருப்புக் கக்கவில்லை, தங்கமும் சேர்க்கவில்லை. டிசம்பர் வெள்ளம் அடித்துக்கொண்டு போனதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தது. கேஸ் சிலிண்டர், ஸ்கூட்டர், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், யார் வீட்டுக் கல்யாண ஆல்பமோ ஒன்று. அவற்றின் மேல் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றும் யாருடையது என்று பெயர் சொல்லும். முதல் நாள் நீ அதைச் சொன்னபோது பிரகாஷ் டீயை ஆறவிட்டுவிட்டான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளம் வந்தது என் வீட்டுக்குள். சேலையூரில் மாடி வீட்டில் இருந்த உனக்குக் கால்கூட நனையவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு சேறு அள்ள வந்தாய், உண்மைதான். என்னென்ன போயிற்று என்று நான் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதியதும் நீதான். அதற்கு முன்பு மொட்டை மாடியில் அம்மாவும் நானும் இருந்த இரண்டு நாளைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் பேசியதில்லை. நீயும் கேட்டதில்லை. நனைந்தது நான், டிராகன் வந்தது உன் தலைக்குள். இது என்ன நியாயம்?

எப்படி உனக்கு மட்டும் வருகிறது என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "பூதம் பயமுறுத்தணும்னு இல்லடி. அதுக்கு ஒரு அட்ரஸ் இருக்கணும், அவ்ளோதான்" என்றாய். அவ்வளவுதானாம். அதற்குப் பிறகு தாம்பரம் சப்வேயில் டிக்கெட் கேட்கும் குட்டிச்சாத்தான் வந்தது, சிக்னல் சிவப்பாக இருக்கும்வரை மட்டும் உயிரோடு இருக்கிற ராட்சசன் வந்தான். சனிக்கிழமையானால் அம்மா என்னிடம், "நாளைக்கு அவ வருவால்ல?" என்று உன்னைத்தான் விசாரித்தாள். பெற்ற தாய்.

நம் மேசைக்கென்று ஒரு வழக்கம் வைத்தாய். பூதத்துக்குக் கடைசி அடி கொடுப்பவர்தான் அது எப்படி விழுந்தது என்று சொல்ல வேண்டும். அதன் குகையில் என்ன இருந்தது, அது யாருடையது, எல்லாம் அவர் வாயால்தான் வரும். அதுவரை நீ பேச மாட்டாய். அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்று உனக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏரி டிராகனோடு கடைசிச் சண்டை நடந்த ஞாயிறு. புடவைப் பெட்டி அட்டையை மறைப்பாக நிறுத்தி அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய். யாருக்கு அடுத்து யார் என்று தெரிய, பெயர் எழுதிய துணி கிளிப்புகளை அட்டை மேல் வரிசையாக மாட்டியிருந்தாய். நான் மேசைக்கு அடியில் போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். புத்தகப்படி அந்த டிராகனுக்கு உயிர் நூற்றி எண்பது புள்ளி. யாஸ்மின் அடித்தபோதே எங்கள் பகடை அடிகளின் கூட்டுத்தொகை அதைத் தாண்டிவிட்டது. நீ, "இன்னும் நிக்குது" என்றாய். பிரகாஷ் அடித்தான். "இன்னும் நிக்குது. வால அசைக்குது."

பெற்ற பிள்ளையைச் சாகவிட உனக்கு மனசு வரவில்லை என்று நினைத்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். "நிறுத்து. புக்ல நூத்தி எண்பது. நாங்க அடிச்சது இருநூத்தி நாலு. அது யாஸ்மின் அடிச்சப்பவே செத்துடுச்சு. நீ ஏமாத்துற."

யாஸ்மின், "கடைசி அடி என்னோடதுன்னாலும் எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்பா" என்று பகடையைக் கீழே வைத்தாள். நீ, "சரிடி. செத்துடுச்சு" என்றாய். கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் போட்டாய். டீ குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினாய். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மூன்று ஞாயிறும் வீட்டில் விருந்தாளி என்று குரூப்பில் மெசேஜ் போட்டேன். விருந்தாளியும் இல்லை, ஒன்றும் இல்லை. நான்காவது வாரம் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். டெங்கு. வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் பார்க்க வந்தேன். ஐசியூ வாசலில் உன் அப்பா, "இப்ப யாரையும் உள்ள விட மாட்டாங்கம்மா" என்றார். மறுநாள் நீ இல்லை.

நாற்பது நாள் கழித்து யாஸ்மின் கடைக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில், "அன்னிக்கு அவ ஏமாத்துனது தப்புதானே?" என்று ஆரம்பித்தேன். எனக்கு இன்னும் புத்தி வரவில்லை பார். அவள் அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "பிரகாஷுக்கு அப்பறம் யாரோட கிளிப் இருந்துச்சுன்னு நீ பாக்கவே இல்லையா?"

என்னுடையது. கணக்கு பார்த்த மும்முரத்தில் வரிசையைப் பார்க்கவில்லை.

"உனக்காகத்தான்டி இழுத்துகிட்டு இருந்தா. முன்னாடியே என்கிட்ட சொன்னா. நான் சொன்னா அது கத, வெள்ளத்துல இருந்தவ அவதான், அவ வாயால வரட்டும், நாம கேப்போம்னா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவ விட்டுக்குடுத்தான்னு தெரிஞ்சா உனக்குக் கோவம் வருமாம்."

வந்திருக்கும். இப்போதும் வருகிறது. என்னை இவ்வளவு தெரிந்துவைத்துக்கொள்ள உன்னை யார் கேட்டது? கதையில்தான் என்னைவிட ஒரு படி மேலே இருந்தாய் என்றால் மனசிலுமா? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யாஸ்மின் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. அத்தனையிலும் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஞாயிறு மூன்று மணிக்கு இப்போது நான்தான் நடத்துகிறேன். நாங்கள் மூன்று பேர்தான். வேறு ஆள் இல்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். போன வாரம் பல்லாவரம் கல்குவாரிக் குட்டையில் ஒரு பூதத்தை வைத்தேன். நன்றாகவே போனது. முடிந்ததும் பிரகாஷ், "அவ நடத்துன மாதிரியே இருந்துச்சு" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த நாற்காலியை நீ எனக்குக் கொடுக்க இருந்தாய். நான் வாங்கிக்கொள்ளவில்லை. காலியாகிவிட்டது என்பதால் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன். அந்த இரண்டு நாள் மொட்டை மாடியை மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அதைக் கேட்பதற்கென்று இடம் ஒதுக்கி வைத்தவள் நீ ஒருத்திதான்.