ஃப்ரீசருக்குப் போட்ட கையெழுத்து

16.11.2025, ஞாயிறு, காலை 10.20. ஃப்ரீசரில் இருந்த இறைச்சிப் பெட்டிகள் எட்டு. ஹலால் முத்திரை இருந்தவை மூன்று. ஏமாந்தவர்கள் தெரிந்தவரை பன்னிரண்டு பேர், அதில் ஒருத்தி நம் அம்மா.

அன்புத் தங்கைக்கு,

உன்மீது சாந்தி உண்டாகட்டும். இங்கே நான் நலம், அம்மா உடம்பால் நலம், மனதால் மூன்று நாளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறாள். நீ நலம் என்பதைப் போன வாரம் அனுப்பிய படத்தில் உன் கன்னத்தைப் பார்த்தே முடிவு செய்துவிட்டோம். அத்தா இறந்துபோனதிலிருந்து இந்த நாலு வருடமாக, ஒரு தகப்பன் உனக்கு எழுத வேண்டியதை நான்தான் எழுதுகிறேன், அவருக்கு இருந்த பொறுமை எனக்குக் கிடையாது, எதிர்பார்க்காதே. தண்ணீர் மோட்டாரை நானே பிரித்து மாட்டிவிட்டேன், இப்போது சத்தமில்லை. வீட்டுக்காரர் மாடிப்படிக்கு ஆஸ்பத்திரிப் பச்சை அடித்துவிட்டு நல்லா இருக்கா தம்பி என்று கேட்டார், இல்லை என்றேன், இரண்டு நாளாகப் பேசவில்லை, நிம்மதி. அம்மாவின் முழங்காலுக்கு டாக்டர் நடக்கச் சொன்னார், அவளோ அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் போய் வருவதையெல்லாம் கணக்கில் சேர்த்து, நடந்துவிட்டேன் என்கிறாள். சரி, இனி விஷயம்.

அம்மா தையல் வகுப்பு எடுக்கும் கட்டடத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கிறதல்லவா, அதன் முதலாளிக்குச் சிரிப்பு முதலாளி என்று பெயர், யார் எது கேட்டாலும் முதலில் சிரிப்பார், அப்புறம்தான் பொய் சொல்வார். அந்தக் கடையின் கல்லாவுக்கு மேலே ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த ஒரு தாளை அம்மா இரண்டு மாதத்துக்கு முன் படம் எடுத்து உனக்கு அனுப்பினாள். நீயும் அதற்கு ஒரு இதயத்தைப் போட்டு, எங்க அண்ணன் கையெழுத்து என்று விடுதித் தோழிகளுக்கெல்லாம் அனுப்பி வைத்தாய். அந்தப் படத்தை இப்போது திறந்து பெரிதாக்கிப் பார். மேல் பாதியில் பச்சை நிறத்தில் ஹலால் என்று இருக்கிறதே, அது ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் ஸ்டிக்கர். கீழ்ப் பாதி மட்டும்தான் என்னுடையது. என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், சமையலறைகளில் ஃப்ரீசர் சரியான குளிரில் நிற்கிறதா, வெப்பமானி உண்மையைக் காட்டுகிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது. எங்கள் படிவத்தின் மேல் பாதியில் ஃப்ரீசர் எண்ணும் மைனஸ் பதினெட்டு டிகிரியும் இருக்கும். கீழ்ப் பாதியில் சோதித்துப் பார்க்கப்பட்டது, தகுதியானது என்று இரண்டு வரி, என் கையெழுத்து, கம்பெனியின் பச்சை நிற வட்ட முத்திரை. அந்த மகான் மேல் பாதியைப் பின்னால் மடித்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். ஹலால், சோதித்துப் பார்க்கப்பட்டது, தகுதியானது, கையெழுத்து நான். ஒரு கத்திரிகூட எடுக்காமல் என்னை மார்க்க அறிஞன் ஆக்கிவிட்டார்.

இதை நான் ஏன் முன்பே பார்க்கவில்லை என்று கேட்பாய். அங்கே நான் பின்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாக வருபவன், உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. உன் கையெழுத்து அங்கே தொங்குதுடா என்று அம்மா சொன்னபோது, ஃப்ரீசர் பக்கத்தில் மாட்டச் சொல்வது நாங்கள்தானே, அங்கே தொங்கும் என்று நினைத்து ம் என்றேன். அந்த ஒரு ம்முக்குத்தான் இவ்வளவு.

வியாழன் மதியம் அந்தக் கடையில் வேலை முடிந்து, என்னோடு வேனில் வரும் எலெக்ட்ரீஷியனுக்குப் பசி தாங்காமல் முதல்முறையாக முன்பக்கம் போய் உட்கார்ந்தோம். அவன் வீட்டில் ஹலால் முறையில் அறுத்ததைச் சாப்பிடமாட்டார்கள், நான் மற்றதைச் சாப்பிடமாட்டேன், இதில் எங்களுக்குள் ஒரு சண்டையும் கிடையாது, அவனவன் கேட்டு வாங்கிச் சாப்பிடுவோம். சர்வர் வந்தார். கறி ஹலாலா என்று கேட்டேன். என்னண்ணே இப்பிடிக் கேட்டுட்டீங்க, நம்ம கடையில வேற வருமா என்றார். அவர் வாயை மூடுவதற்குள் எலெக்ட்ரீஷியன், எனக்கு அது வேணாம் அண்ணே என்றான். சர்வர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, உங்களுக்குத் தனியா வச்சிருக்கு சார் என்றார். இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் வந்தன, ஒரே நிறம், ஒரே குழம்பு, ஒரே கரண்டியின் எண்ணெய்க்கோடு. நான் எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனேன், அவன் பின்னாலேயே வந்தான். அடுப்பில் ஒரே ஒரு சட்டி. ஏங்க, சட்டி ஒண்ணு, அது என்ன ஆளப் பாத்து மதம் மாறுதா என்று சமையல்காரரிடம் கேட்டான், அவர் எங்களைப் பார்க்காமல் வெங்காயத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த ஃப்ரீசருக்குத் தகுதியானது என்று எழுதியிருந்தேன், அப்போது நான் பார்த்தது வெப்பமானியை மட்டும். இப்போது பெட்டிகளைப் பார்த்தேன், எட்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். மூன்றில் முத்திரை, சான்று கொடுத்த அமைப்பின் பெயர், எண், தேதி, எல்லாம் ஒழுங்காக. ஐந்தில் எடையும் கடைசித் தேதியும் மட்டும். எட்டையும் வெட்டி ஒரே தொட்டியில்தான் ஊறப்போடுகிறார்கள்.

திரும்பி முன்பக்கம் வந்து கல்லாவில் நின்று பேசும்போதுதான் ஃபிரேமைப் பார்த்தேன். சிரிப்பு முதலாளி சிரித்தார். கேக்கறவங்க மனசு நோகக்கூடாது தம்பி, ஆமான்னா அவருக்குச் சந்தோஷம், இல்லேன்னா இவருக்குச் சந்தோஷம், நான் யாருக்கும் எதையும் திணிக்கலையே என்றார். ஊரில் இருக்கிற அத்தனை பேர் வயிற்றுக்கும் தானே முடிவு செய்துவிட்டு, திணிக்கவில்லையாம். இது என்ன என்று தாளைக் காட்டினேன். உங்க கையெழுத்துக்கு ஒரு கவுரவம் இருக்கு தம்பி, அதான் பின்னால கெடந்தத முன்னால கொண்டு வந்தேன் என்றார். கழற்றுங்கள் என்றேன், பார்க்கலாம் என்றார். எலெக்ட்ரீஷியன் அவன் தட்டைக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்துவிட்டு, இத நீங்களே சாப்பிடுங்க, எந்தப் பக்கத்து ஆளுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க என்று சொல்லிவிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை எங்கள் மேலாளரிடம் சொன்னேன். நம்ம பொறுப்பு ஃப்ரீசர் கதவு வரைக்கும்தான், அந்த ஆளுக்கு அஞ்சு கிளை இருக்கு, பாத்து நடந்துக்க என்றார். முதுகெலும்பையும் மைனஸ் பதினெட்டில் வைத்திருக்கிறார் போலும்.

வியாழன் மாலையே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கடைக்காரனைத் திட்டுவாள் என்று நினைத்தேன், என்னைத் திட்டினாள். தையல் படிக்கும் பதினோரு பேரையும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்பு முடிந்ததும் அங்கே கூட்டிப்போனவள் அவள்தான். என் மகன் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கான், வாங்கடி என்று. அதில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார், கணவர் இறந்தபின் ஆறு வருடமாக வெளியே ஒரு வாய் சாப்பிடாதவர், யார் சொல்லையும் நம்பாதவர், அம்மாவின் சொல்லுக்காகப் போயிருக்கிறார். நீயாவது அந்தத் தாளைப் படித்தாயா என்று அம்மாவிடம் கேட்டேன். மகன் கையெழுத்தப் பாத்தப்புறம் எதுக்குடா படிக்கணும் என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது, படிக்காமல் நம்புகிறவர்கள் இருப்பதால்தான் இந்த ஸ்டிக்கர் விற்கிறது என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. துணி வெட்டறவகூட, வெட்டினா மிச்சம் என்னாகும்னு பாத்துதான் கத்திரிய வைக்கிறா, நீ போடற கையெழுத்துல பாதி தாள மடிச்சா என்ன அர்த்தம் வரும்னு ஒரு தடவ பாத்தியா என்று கேட்டாள். பார்க்கவில்லை. இருநூறு சமையலறைக்கு மேல் அதே படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எத்தனை சுவரில் எதற்கு அடியில் தொங்குகிறேனோ தெரியாது. அந்தப் பெண்களிடம் சொல்லாமல் விட்டுவிடலாம், வேறு கடைக்குக் கூட்டிப்போ, தெரியாமல் சாப்பிட்டதில் அவர்கள்மேல் குற்றமில்லையே என்றும் சொல்லிப் பார்த்தேன், என் புத்தியும் அந்த நேரத்தில் கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தது. அவங்க மேல இல்லடா, தெரிஞ்சப்புறமும் வாய மூடிக்கிட்டா என் மேல வந்துடும் என்றாள். நேற்று வகுப்பு வைக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று நாள் முழுக்க யோசித்துவிட்டு, சாயங்காலம், ஒவ்வொருத்தி வீட்டுக்கும் நேரே போய்ச் சொல்லணும், நீயும் வரணும் என்றாள்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது. அந்தப் படத்தை அழி, யாருக்கெல்லாம் அனுப்பினாயோ அவர்களுக்கு உண்மையை எழுது. வெளியே சாப்பிடும்போது ஹலாலா என்று கேட்காதே, அந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான். எங்கே வாங்குகிறீர்கள், சான்று யார் கொடுத்தது, பெட்டியைக் காட்ட முடியுமா என்று கேள். பச்சை நிறம் சான்று ஆகாது, பிறைப் படம் ஆகாது, முதலாளியின் தாடியும் ஆகாது. பெயர், எண், தேதி மூன்றும் பெட்டியில் இருக்க வேண்டும், சுவரில் இருந்து பயனில்லை. முகத்தைச் சுளித்தால் முட்டை சாப்பிடு, பருப்பு சாப்பிடு, செத்துப்போக மாட்டாய். உன் அறைத்தோழி ஹலால் வேண்டாம் என்று கேட்டு வாங்குபவள் என்று எழுதியிருந்தாய், அவளைக் கிண்டல் செய்யாதே, அவளையும் இதே மாதிரி ஆள்தான் ஏமாற்றுகிறான்.

அம்மா சொல்லச்சொன்னது: ஈரத்தலையோடு வெளியே போகாதே, தொழுகையை விடாதே, பரீட்சைக்கு முன் வயிற்றைக் காயப்போடாதே. இறைவன் உன் படிப்பிலும் உடம்பிலும் அருள் செய்வான், அவள் கையேந்திக் கேட்கும் துஆவில் தினமும் முதல் ஆள் நீதான், நான் இந்த வாரம் கடைசிக்குப் போய்விட்டேன். நான் செய்யப்போவது இது:

1. நாளை காலை ஒன்பது மணிக்குக் கடைக்குப் போய் ஃபிரேமைக் கழற்றுவேன். அனுமதி கேட்கமாட்டேன், எலெக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரோடு வருகிறான்.
2. எட்டுப் பெட்டிகளின் படத்தையும் சுவரில் இருந்த தாளின் படத்தையும் வைத்து உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் புகார். அதன் நகல் மேலாளருக்கு. வேலை போனால் உனக்குத் தனியாக எழுதுவேன், நீ பதறி அம்மாவுக்குப் போன் செய்யாதே.
3. வேலை போகாவிட்டால் படிவத்தை மாற்றச் சொல்வேன். கையெழுத்துக்கு நேர் மேலே, இது குளிரைப் பற்றியது மட்டும், இறைச்சியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று ஒரு வரி. மாற்றும்வரை அதைக் கையால் எழுதுவேன், இருநூறு தாளானாலும்.
4. இன்று நாலு மணிக்கு அம்மாவோடு பதினோரு வீடு, முதலில் காஜா அக்கா வீடு. அங்கே அம்மா பேசுவாள், நான் நிற்பேன். எத்தனை சனிக்கிழமை எந்தப் பெட்டியிலிருந்து சாப்பிட்டேன் தம்பி என்று அக்கா கேட்பார். தெரியாது அக்கா என்று சொல்வேன்.

உன் அண்ணன்