ஒரே பிரதி

12.11.2003, புதன்

பரீட்சைக்கு வேண்டிய வெப்ப இயக்கவியல் புத்தகத்தை நூலகக் கம்ப்யூட்டரில் தேடினேன். ஒரே பிரதி, வீட்டுக்குத் தரமாட்டார்கள், அலமாரியில் இருக்கிறது என்று காட்டியது. போய்ப் பார்த்தால் இல்லை.

"நானும் தேடிட்டேன்டி, எவனோ தூக்கிகினு போய்ட்டான்" என்றாள் கோவளத்திலிருந்து என்னோடு பஸ்ஸில் வரும் மேரி.

எங்கள் கல்லூரியில் யாரும் தூக்கிப் போவதில்லை, ஒளித்துத்தான் வைப்பார்கள். ஆள் நடமாட்டமில்லாத தமிழ் வரிசையில், அகராதிகளுக்குப் பின்னால் கைவிட்டேன். கிடைத்தது. பக்க அடையாளத்துக்கு, மேரி பர்ஸில் வைத்திருக்கும் மாதா படம்.

படத்தை எடுக்கவில்லை. புத்தகத்தைப் பழைய ஆண்டு மலர்களுக்குப் பின்னால் மாற்றிவைத்தேன்.

சாயந்திரம் பஸ்ஸில் கோவளம் வரை நிற்கவேண்டிய கூட்டம். மேரி எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள்.

"புக்கு கெடச்சுதாடி?"

"கம்ப்யூட்டர்ல இருக்குன்னுதான் காட்டுது" என்றேன்.