விழுந்தால் வலிக்காத விளையாட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம்தான்.

போன வாரம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. எலும்புக்கு ஒன்றும் இல்லை. நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் விடுப்பு கொடுத்துவிட்டார்கள். வீக்கம் வடிந்த பிறகும் படிவரை போய், இறங்கப் பயந்து திரும்பிவிட்டேன். அதனால் அறையிலேயே கிடந்தேன்.

அறைத்தோழி மருந்துக்கடையில் வேலை செய்பவள். "சும்மா மோட்டுவளையையே பார்த்துக்கிட்டு கிடக்காதீங்கக்கா" என்று தன் வீடியோ கேமைக் கையில் திணித்தாள். ஒரு சின்னப் பொம்மை பெட்டிகளைத் தள்ளி, அவற்றின் மேல் ஏறித் தாவி, வழி கண்டுபிடிக்க வேண்டும். எதிரி கிடையாது, அவசரமும் கிடையாது. விழுந்தால், விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மெதுவாக நிற்க வைத்துவிடும். வேண்டுமென்றே பலமுறை விழுந்து பார்த்தேன்.

நேற்று ஒரு பள்ளத்தைத் தாண்ட முடியாமல் திணறினேன். வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெட்டியை முதல்ல உள்ள தள்ளுங்கக்கா, அப்புறம் அது மேல குதிங்க."

தாண்டிவிட்டேன். இருவரும் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

"இதே ஜோர்ல வாங்க, கீழே போய் டீ குடிப்போம்" என்று கை நீட்டினாள். பிடித்துக்கொண்டு எல்லாப் படியும் இறங்கினேன். நாளை வேலைக்குப் போகிறேன்.

காலில் சுற்ற உங்கள் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து அனுப்புங்கள். இங்கேயும் கட்டுத்துணி கிடைக்கிறது. ஆனாலும் அனுப்புங்கள். துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை.

அவள் கூப்பிடுகிறாள். முடிக்கிறேன்.

உங்கள் மகள்