மேஸ்திரிக்கு வந்த மூன்றாம் மாதம்

ஜூலை 8, செவ்வாய்

அனுமந்தையில் இரண்டாவது கிளினிக்குக்கு இடம் உறுதியானது. தகவல்: டாக்டர் கீதாஞ்சலி, என் மனைவி, காலைக் காபியின்போது.

மரக்காணம் கிளினிக்கில் பதிந்தவரின் விவரம் இனி அங்கேயும் தெரியவேண்டும். டோக்கன், மருந்து, பில் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போகவேண்டும். "பேப்பர்ல நிருபரா இருந்தப்ப ஊரையே நோண்டி நோண்டிக் கேட்டு எழுதினீங்க இல்ல, சாஃப்ட்வேர்காரங்களையும் கேளுங்க" என்றாள். நிபந்தனை ஒன்று: ஒருவர் விவரம் இன்னொருவர் பெயரில் ஏறுமானால் அனுமந்தையைத் திறக்கமாட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

சென்னைக் கம்பெனியிலிருந்து அருண்ராஜ். போன் நம்பரைத் தட்டினால் ஆள் விவரம் வந்து நிற்கிறது. அடுத்து எப்போது வரவேண்டும் என்ற மெசேஜும் தானே போய்விடுகிறது. ரிசப்ஷனில் இருக்கும் வைஜெயந்தி அப்போதே முடிவு செய்துவிட்டாள். "இதையே வாங்கிடுங்க சார். என் கையெழுத்த என்னாலயே படிக்க முடியல."

டெமோவில் வரும் நோயாளிக்கு எப்போதும் ஒரு பெயர், ஒரு நம்பர், ஒரு காய்ச்சல். நம்ம ஊர் ஆள் மாதிரித் தெரியவில்லை. ஒரு வாரம் சோதனைக்குக் கேட்டேன். "தாராளமா சார்" என்றார்.

ஜூலை 15, செவ்வாய்

மழை. பாத்திகளில் தண்ணீர் நிற்கிறது, உப்பளத்தில் வேலை இல்லை. வேலை இல்லாத நாளில்தான் அங்கே உப்பு அள்ளும் பெண்களுக்கு உடம்பைக் காட்ட நேரம். பக்கிரி மேஸ்திரியிடம் வேலை செய்யும் செட்டு மொத்தமாக வந்துவிட்டது.

நம்பர் கேட்டால் எல்லோரும் ஒரே நம்பரைச் சொல்கிறார்கள். பக்கிரியுடையது. உப்புத் தண்ணீர் பட்டால் போன் போய்விடும் என்று யாரும் களத்துக்குக் கொண்டுபோவதில்லை. வேலைக்குக் கூப்பிடுவது, பள்ளியிலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்வது, எல்லாம் அவர் போனுக்குத்தான்.

முதலில் பதிந்தது சின்னப்பாப்பா, பேத்தி எடுத்தவர். அதன்பின் யார் வந்து நம்பர் சொன்னாலும் திரையில் சின்னப்பாப்பாதான். கூட்டம் நெருக்கியதில் வைஜெயந்தி எல்லாவற்றையும் அவர் பெயரிலேயே ஏற்றிவிட்டாள். "பில்லு வந்துச்சு சார். சரியாப் போவுதுன்னு இருந்துட்டேன்."

ஜூலை 16, புதன்

காலையில் பக்கிரி, போனை நீட்டிக்கொண்டு. "டாக்டரம்மா, எனக்கு மூணாம் மாசமாம். ஸ்கேனுக்கு வரச் சொல்லுது. வீட்ல என்னான்னு சொல்றது?"

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மெசேஜில் சின்னப்பாப்பா பெயரைப் பார்த்துவிட்டு, "அதுக்கா? இந்த வயசுலயா?" என்று பக்கிரியே மறுபடி சிரித்தார். கீதாஞ்சலி சிரிக்கவில்லை. மெஷின் தப்பு என்று அனுப்பிவைத்தாள்.

விவரங்களைப் பிரித்து ஏற்ற உட்கார்ந்தபோது யாருடையது என்று எனக்கும் தெரிந்துபோனது. அதே செட்டு. பல வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலைக்குக் கூப்பிடமாட்டார், நேரம் வரும்போது நானே சொல்கிறேன் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

"பேரு தப்பாப் போனதால தப்பிச்சா" என்றாள் கீதாஞ்சலி. "சரியாப் போயிருந்தா?"

அந்தப் பெண்ணின் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஜூலை 18, வெள்ளி

அருண்ராஜ்: "நம்பர்தான் சார் எங்க சிஸ்டத்துக்கு அடிப்படை. ஆளுக்கு ஒரு நம்பர் வாங்கச் சொல்லுங்க."

யார் சொல்வது? கோட்டக்குப்பத்தில் இதையே பயன்படுத்தும் டாக்டரிடம் விசாரித்தேன். வீட்டு நம்பர் என்று கொடுப்பது பல குடும்பங்களில் கணவன் நம்பராம். மனைவியின் ரிப்போர்ட் துபாய்க்குப் போய், அங்கிருந்து டாக்டருக்குத் திட்டு வருகிறது. இரண்டாவது சாட்சியும் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஜூலை 23, புதன்

புதுச்சேரி ஜான்சன். சின்னக் கம்பெனி. டெமோ காட்டவில்லை. "மழ நாள்ல கூப்பிடுங்க சார், வந்து உக்கார்றேன்." பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

மழை. சொன்னபடி வந்து வைஜெயந்தி பக்கத்தில் உட்கார்ந்தார். ஆளுக்கு ஒரு எண், ஒரு போட்டோ. போன் நம்பர் யாருடையதாகவும் இருக்கலாம். மெசேஜ் போகலாமா, யாருக்கு என்று ஒவ்வொருவரிடமும் கேட்கவேண்டும்.

"எனக்கு எதுக்குப்பா மெசேஜு? வாயால சொல்லு, போதும்" என்றார் சின்னப்பாப்பா. ஜான்சன் அங்கேயே அதையும் சேர்த்தார்: 'நேரில் மட்டும் சொல்லவும்.' அந்தப் பெண் வந்ததும் அதைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

சாயங்காலம் பக்கிரி நம்பரைத் தட்டிப் பார்த்தேன். வரிசையாக முகங்கள். வைஜெயந்தி சொன்னாள்: "இத்தன பேரும் இத்தன பேராவே இருக்காங்க சார்." பக்கிரி போனுக்கு ஒன்றும் போகவில்லை. கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஆகஸ்ட் 21

ஜான்சனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது.

செப்டம்பர் 14, ஞாயிறு

அனுமந்தை திறந்தாயிற்று. சின்னப்பாப்பாவுக்கு வீடு அங்கேதான், முதல் டோக்கன் அவருக்கு. அவர் முகம், அவர் சர்க்கரை, அவர் மாத்திரை. வேறு யாருடையதும் இல்லை. கீதாஞ்சலி திரையை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். போதும்.

பக்கிரியும் வந்தார். "எனக்கு இப்ப எத்தினியாவது மாசம்?"

"உங்களுக்கு பிரஷர் மட்டும்தான் மேஸ்திரி" என்றாள் வைஜெயந்தி.

மதியம் அருண்ராஜ் போன். எப்படிச் சோதித்தோம் என்று அவர் கம்பெனிக்குத் தெரிய வேண்டுமாம். மழை நாளில் வரச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மழைக்காலம் வந்துவிட்டது, உப்பு சீசன் முடிந்தது. கடைசிக் குவியலைக் கீற்று போட்டு மூடிய அன்று அவளே பக்கிரியிடம் சொல்லிவிட்டாளாம். அவர் போனை எடுத்து அந்தப் பழைய மெசேஜைத் தேடிப் பார்த்தாராம். "அப்ப அன்னைக்கு எனக்கு வந்தது உன்னோட மூணாம் மாசமா?"

செட்டுப் பெண்களுக்கு முன்பே தெரியும். அவள் கூடையையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறார்கள், ஒருத்தி வாய் திறக்கவில்லை. "அடுத்த சீசனுக்குக் கைக்குழந்தையோட வா, பாக்கெட் போடற கொட்டாய்ல உக்காந்து செய்யி" என்றாராம் மேஸ்திரி. தகவல்: அவளே, கிளினிக்கில், எல்லோர் முன்னிலையிலும் சத்தமாக.

இனி எழுதலாம். மலர்கொடி.

மெசேஜ் யாருக்கு என்ற இடத்தை இன்று மாற்றச் சொன்னாள். பக்கிரி நம்பர். "வலி எடுத்தா வண்டி அவுருகிட்டதானே இருக்குது."

நிலுவை: பிரசவம். டாக்டர் கணக்குப்படி தை இரண்டாம் வாரம்.