வேப்பெண்ணெய் வாசம்

செப்டம்பர் 8, 2025, திங்கள்

மைசூரில் தேங்காய் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினேன். ரிட்டர்ன் லோடு கிடைக்கவில்லை. கருமத்தம்பட்டி வந்து சேர மதியமாகிவிட்டது. சோறு போட்டுக்கொண்டே அமலி கேட்டாள், "வண்டி எப்படிங்க இருக்குது?" நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கமாட்டாள். வண்டியின் நெற்றியில் அவள் பெயரை எழுதி வைத்தது என் தப்பு.

வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. பழைய லாரியை அதன் புகைக்காகவே கம்பெனிக்காரர்கள் கேட்டுக்குள் விடாமல் நிறுத்தினார்கள். எஃப்.சி. சோதனைக்குக் கொண்டுபோனால் மெஷினை வைத்து மூக்கைப் பிடித்தார்கள். போன வருடம் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, புதுப் புகைச் சட்டத்துக்கு ஏற்ற இந்த பி.எஸ். சிக்ஸ் வண்டியை செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். ஃபைனான்ஸ்தான். இதற்கு டீசல் மட்டும் போதாது. தனி டேங்கில் யூரியாத் தண்ணீர் ஊற்றவேண்டும், அதுதான் புகையைச் சுத்தம் செய்கிறதாம். ஊற்றாவிட்டால் மாப்பிள்ளை முறுக்கு காட்டும். ஆனாலும் என் வண்டி. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. எவனும் எனக்கு "எடு" என்று சொல்ல முடியாது, "நிறுத்து" என்றும் சொல்ல முடியாது.

செப்டம்பர் 12, வெள்ளி

மீட்டரில் நீல விளக்கு. யூரியா குறைந்துவிட்டதாம். நேற்றுதானே டீசல் ஊற்றினேன், அதற்குள் உனக்குமா?

செப்டம்பர் 13, சனி

தொண்டாமுத்தூர். மச்சான் கிளமென்ட் தோப்பில் லோடு. அமலியின் அண்ணன். இந்த வண்டி வாங்கும்போது எனக்காக ஃபைனான்ஸில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். முந்தின நாள் யானை வந்து வேலியைச் சாய்த்துவிட்டுப் போயிருந்ததால் ஆட்கள் எல்லாம் அங்கே. தேங்காய் ஏற்ற ஆளில்லை. சும்மா நிற்பானேன் என்று யூரியாத் தண்ணீர் வாங்கப் போனேன். ஒரு பெட்ரோல் பங்கில் ஸ்டாக் இல்லை, இன்னொரு பங்கில் நாளைக்கு வரும் என்றார்கள். நாளை என்றால் மைசூர் மார்க்கெட்டை விட்டுவிட வேண்டியதுதான்.

மச்சானிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். "யூரியாதானுங்க மாப்ள? ஊட்டுல மூட்டை அடுக்கி வெச்சிருக்குது. கடைக்காரன் நீலக் கேன்ல ஊத்தி வித்தா மட்டும் அது வேற யூரியா ஆயிருமா?"

அதானே! எனக்கு ஏன் இது தோன்றவில்லை? சொட்டுநீர்க் குழாயில் உரம் கலந்து விடுகிற டிரம் அங்கேயே இருந்தது. மூட்டையைப் பிரித்து மச்சான் கொட்டினார், நான் தென்னை மட்டையால் கலக்கினேன். கரையக் கரைய டிரம் ஐஸ் வைத்ததுபோல் ஜில்லிட்டுப் போயிற்று. வேட்டித்துணியை நான்காக மடித்து வடிகட்டி டேங்கில் ஊற்றினோம். நீல விளக்கு அணைந்தது. இரண்டு பேரும் சின்னப் பையன்களைப் போலக் கைதட்டினோம்.

இத்தனை நாள் எவ்வளவு ஏமாந்திருக்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது நாலு டிரைவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். கந்தப்பன் மட்டும் தலையைச் சொறிந்தான். "என்னமோ போங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றான். பயந்தாங்கொள்ளி. மதியம் மச்சான் கொடுத்தனுப்பிய மிச்ச மூட்டையையும் கரைத்து ஊற்றியாயிற்று.

செப்டம்பர் 26, வெள்ளி

ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்தால் இன்ஜினைக் காட்டச் சொல்கிறது. ஆயுத பூசை முடியட்டும், காட்டிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 29, திங்கள், ஆசனூர்

கேபினுக்குள் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

ஆயுத பூசைக்கான தேங்காய். முழுக்க முழுக்க மச்சானின் காய். இன்று சாயங்காலம் மைசூரில் நிற்கவேண்டியது. சத்தியமங்கலம் தாண்டி, பண்ணாரியில் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டு (நான் மாதாவைக் கும்பிடுகிறவன்தான், இருந்தாலும் மலை ஏறும் முன் அந்த அம்மனிடம் சொல்லாமல் யார் போவார்கள்?) திம்பம் மலைப்பாதையில் ஏறினேன். பாதி வளைவு தாண்டியிருப்பேன். சிவப்பு விளக்கு, கூடவே பீப் பீப் என்று சத்தம். ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், மிதிக்கிறேன் — வண்டிக்கு உயிரே இல்லை. நடந்து போகிறவன் என்னை முந்திவிடுவான்.

பின்னால் பஸ், கார், வேன் எல்லாம் வரிசை. ஹாரன். கண்டக்டர் இறங்கி வந்து கதவைத் தட்டினான். "ஏனுங்ணா, ஏத்தம் ஏறத் தெரியாத வண்டிய எதுக்குங்க மலைக்குக் கொண்டாந்தீங்க?" முப்பது வருடமாக இந்த மலையை ஏறுகிறேன். இந்தக் கேள்வியை ஒருத்தன் என்னிடம் கேட்டுவிட்டான். ஓரமாகக் கூட ஒதுங்க இடமில்லை. முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்து சேர்வதற்குள் ஆறு மணி. ஆறுக்கு மேல் காட்டுக்குள் லாரி விடமாட்டார்கள். இங்கேயே நிற்கிறேன்.

மச்சானுக்குப் போன் போடவில்லை. என்னவென்று சொல்ல?

அக்டோபர் 1, புதன், மைசூர்

நேற்று முழுக்க சாம்ராஜ்நகரில் ஒரு மெக்கானிக்கிடம் கிடந்தேன். அவனுக்குப் புரியவில்லை. இன்று மதியம் ஊர்ந்து வந்து சேர்ந்தால், கடைக்காரர்கள் பூசை முடித்துப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். தேங்காயை யாரும் சீண்டவில்லை. கடைசியில் எண்ணெய் ஆட்டுகிறவன் ஒருத்தன் வந்த விலைக்கு அள்ளிக்கொண்டு போனான்.

அக்டோபர் 4, சனி

சோமனூர் ரோட்டில் ரிஃபத்தின் ஷெட். எனக்கு இருபது வருடப் பழக்கம். சைலன்சர் பக்கமாகக் கழற்றி ஒரு பாகத்தை வெளியே எடுத்தான். வெள்ளையாக உப்புப் போல் அடைத்துக்கிடந்தது. மூக்குக்கு அருகில் கொண்டுபோனான். என்னைப் பார்த்தான். பிறகு யூரியா டேங்கின் மூடியைத் திறந்து முகர்ந்தான்.

"அந்தோணி அண்ணா, வேப்பெண்ணெய் வாசம் வருதுங்களே?"

மூடியை வாங்கி நானும் முகர்ந்து பார்த்தேன்.

"வயலுக்குப் போடற யூரியாவாங்க அண்ணா? அத்தனையும் வேப்பெண்ணெய் பூசித்தானுங்க வருது. அந்த எண்ணெயால உள்ள புகையச் சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட் முழுசாப் போச்சுங்க. கழுவி எல்லாம் சரி பண்ண முடியாது. புதுசுதான் போடோணும்."

மூட்டை மேல் எழுதியிருந்தது. வேம்பு பூசிய யூரியா என்று பச்சை எழுத்தில், கொட்டை கொட்டையாக. பிரிக்கும்போது நானே வாய்விட்டுப் படித்தேன். மச்சானும் வருடா வருடம் அந்த மூட்டையைத்தான் வாங்குகிறார். பயிருக்கு நல்லதாம், நின்று வேலை செய்யுமாம். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியவில்லை.

சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகையை இங்கே எழுதமாட்டேன். வாரண்டி? "வெளி யூரியா ஊத்தியிருக்கீங்க சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

அக்டோபர் 5, ஞாயிறு

கோயில் திருவிழா. திருப்பலி முடிந்ததும் வண்டிகளை மந்திரிப்பார்கள். ரோடு முழுக்க மாலை போட்ட லாரி, டெம்போ, ஆட்டோ. என் வண்டி ரிஃபத் ஷெட்டில் வயிறு திறந்து கிடக்கிறது. நான் சாவியை மட்டும் கொண்டுபோய் வரிசையில் நின்றேன். சாமியார் ஒரு நிமிடம் பார்த்தார். உள்ளங்கையில் இருந்த சாவி மேல் தீர்த்தம் தெளித்தார். அமலி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

மச்சான் வந்தார். நான்தான் ஆரம்பித்தேன். "உங்க பேச்சக் கேட்டுத்தானுங்க என் வண்டி நாசமாப் போச்சு."

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னனுங்க. வண்டி உங்க வண்டி. ஊத்துனது உங்க கை. என் தேங்காய் போனதுக்கு நான் வாயத் திறந்தனா?"

திறக்கவில்லைதான். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. என்னென்னவோ பேசிப்போட்டேன். ஊட்டுக்கு வராதீங்க என்று கூடச் சொல்லிவிட்டேன். அமலி கொண்டுவந்த காபியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். அமலி என்னிடம் இன்னும் பேசவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

கந்தப்பன் ஒரு வழி சொன்னான். கேட்டலிஸ்டை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை வைத்துவிடுவார்களாம். ஒரு சின்னப் பெட்டியை ஒயரில் மாட்டினால் எல்லாம் சரியாக இருப்பதாக வண்டியே நம்பிக்கொள்ளுமாம். யூரியாவும் வேண்டாம், விளக்கும் எரியாது. புகை எப்படி வேண்டுமானாலும் போகட்டும். ரிஃபத்திடம் கேட்டேன். "நான் பண்ணமாட்டனுங்க அண்ணா, மாட்டிக்கிட்டா உங்க பர்மிட்டே போயிரும். பண்றவங்க இருக்காங்க" என்றான்.

ஊருக்கு ஆயிரம் வண்டி ஓடுது. என் ஒரு வண்டிப் புகையிலயா உலகம் கெட்டுப்போவுது? நாளைக்குப் போறேன். முடிவு பண்ணியாச்சு.

அக்டோபர் 11, சனி

போகவில்லை.

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே அமலியிடம் சொன்னேன். நாலு நாளாகப் பேசாதவள் பேசினாள். சண்டை போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "பழைய வண்டிய வாசல்ல நிறுத்தி, காத்தால ஸ்டார்ட் பண்ணிச் சூடேத்துவீங்கல்ல? அப்பெல்லாம் நான் கதவச் சாத்திக்குவனுங்க. சன்னலையும் சாத்திட்டு உள்ளே உக்காந்துக்குவேன். நீங்க கிளம்பினப்புறந்தான் திறப்பேன். இந்த வண்டி வந்த பொறவுதான் கதவத் திறந்து வெச்சு வாசல் கூட்டறேன்."

கல்யாணத்துக்கு முன்பு தறிக் குடோனில் பஞ்சு தின்ற நெஞ்சு அவளுடையது. இருமுவாள், எனக்குத் தெரியும். தறியால் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இத்தனை வருசமா ஏன் சொல்லலை?"

"சோறு போடற வண்டிய எப்படிங்க குறை சொல்றது?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். சட்டம் போட்டவனைத் திட்டிக்கொண்டிருந்தால் கொஞ்சம் மனசு ஆறும். இனி அதுவும் முடியாது. சட்டம் சரிதான். ஆனால் அது சரியாக இருப்பதற்கு நான்தான் சாகவேண்டுமா? எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. மாதாவே.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. ஊரெல்லாம் லோடு ஓடுகிறது. நான் ஷெட்டுக்குப் போய் வண்டியைத் துடைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

முந்தின தவணையும் பாக்கி, இந்த மாதமும் கட்டவில்லை என்று ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியை எடுக்க வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ரிஃபத் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றினேன், சீட்டுக்கு அடியிலிருந்து போர்வையையும் சோற்றுத் தட்டையும் எடுத்தேன். சாவியைக் கேட்டார்கள். கொடுத்தேன். மந்திரித்த சாவி.

டோ வண்டி பின்பக்கத்தைத் தூக்கி இழுத்துக்கொண்டு போனது. நெற்றி என்னைப் பார்த்தபடியே போயிற்று. அமலி, அமலி என்று. ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம், அழுதேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மாமனார் மாமியார் கல்லறையில் அமலியும் மச்சானும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

நவம்பர் 18

ஒன்றுமில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

தறி ஓனர் மனோஜ்குமார் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு ஏழு வண்டி உண்டு. ஃபைனான்ஸ் ஏலத்தில் எட்டாவதாக என் வண்டியை எடுத்திருக்கிறாராம். புது கேட்டலிஸ்ட் போட்டாகிவிட்டது. ஏழு வண்டிக்காரனுக்கு அது ஒரு செலவு, அவ்வளவுதான். "அந்த வண்டியோட கைப்பக்குவம் உங்களுக்குத்தானுங்க தெரியும். நீங்களே ஓட்டிருங்களேன்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "பாப்பா பேரு எழுதிப்போட்டனுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

நெற்றியில் வர்ஷினி. பெயிண்ட் இன்னும் பளபளக்கிறது. சரிங்க என்றேன்.

ஜனவரி 21, 2026, புதன்

இன்று உர லோடு. தொண்டாமுத்தூர் சொசைட்டிக்கு. யூரியா. ஏற்றும்போதே அந்தப் பச்சை எழுத்தைப் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சொசைட்டி வாசலில் வரிசை. வரிசையில் மச்சான். நெற்றியில் எழுதியிருந்த பெயரைப் படித்தார், பிறகு என்னைப் பார்த்தார். வண்டியின் பக்கம் வந்து நின்றார். நான் இறங்கினேன். இரண்டு பேரும் மூட்டை இறக்குவதைப் பார்த்தோம்.

"சாப்ட்டீங்களா மாப்ள?"

"இன்னுமில்லைங்க மச்சான்."

"ஊட்டுக்கு வாங்க."

"வண்டி நிறுத்தக்கூடாதுங்க. ஓனர் போன் போடுவாரு." அப்படிச் சொன்னது நான்தான். அவர் தலையாட்டினார். போய் இரண்டு இளநீர் வாங்கிவந்தார். நின்றபடியே குடித்தோம்.

திரும்பி வரும்போது நீல விளக்கு எரிந்தது. ஓனருக்குச் சொன்னேன். பங்கில் சீல் வைத்த கேனை வாங்கி ஊற்றச் சொன்னார், பில்லை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். வண்டியை அவர் யார்டில் விட்டு, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தேன்.

அமலி இப்போதெல்லாம் வண்டியைப் பற்றிக் கேட்பதில்லை. இருமல் கொஞ்சம் பரவாயில்லை என்கிறாள். காலையில் கதவையும் சன்னலையும் நன்றாகத் திறந்து வைத்துவிட்டு வாசல் கூட்டுகிறாள். லாரி நின்ற இடத்தில் ஆயில் கறை மட்டும் போகவில்லையாம். இன்றைக்கும் தேய்த்துப் பார்த்தாளாம்.