பட்டனின் இடது ஓரத்து வெளிச்சம்

மாப்ள,

இன்று காலை ஷட்டரைத் தூக்கியதும் வெயில் நேராக உன் பழைய மானிட்டரில் விழுந்தது. அரியலூர் சாலையில் போகும் சிமென்ட் லாரிகளின் புழுதி திரை முழுக்கப் படிந்திருந்தது. அதற்கு நடுவே நாலைந்து வெள்ளைப் புள்ளிகள், பூக்கார அக்காவின் ஈர விரல் பட்ட இடங்கள். நம் ஊர் உப்புத் தண்ணீர் காய்ந்தால் லேசில் போகாது. நானும் துடைத்ததில்லை. துணியை எடுத்தாலே, "கைய வைக்காத, அது எனக்குக் கெடச்ச சர்ட்டிபிகேட்டு" என்பாயே.

நம் பெரம்பலூர் கடையில் பேனரும் கல்யாணப் பத்திரிகையும் என் பக்கம், வெப்சைட் உன் பக்கம். எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். ஒரே ஒரு பட்டனுக்கு ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்வாய். அடியில் மெல்லிய நிழல், அதன்மேல் அடர்பச்சை, பிறகு இளம்பச்சை, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிப் பளபளப்பாய் ஒரு வெள்ளைக் கீற்று. எல்லாம் தனித்தனி அடுக்கு. "பொண்ணுக்குக்கூட இவ்வளவு அலங்காரம் பண்ண மாட்டாங்கடா" என்று நான் கிண்டல் செய்தால் காதிலேயே வாங்க மாட்டாய்.

முடிந்ததும் நம் படியோரம் பூ விற்கும் அக்காவைக் கூப்பிடுவாய். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, அதுதான் உனக்கு வேண்டும். ஒன்றும் சொல்லாமல் திரையைக் காட்டுவாய். அவர் விரலை நீட்டி அமுக்கினால் பட்டன் தேறியது. "என்னப்பா, அமுங்க மாட்டேங்குது?" என்று அவர் கேட்கும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கை போகவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாய்.

வெங்காய மண்டிக்கு நீ செய்த 'இன்றைய விலை' பட்டனும் அப்படித் தேறியதுதான். டயாலிசிஸுக்காக நீ திருச்சியில் இருந்த வாரம் மண்டிக்காரர் வந்தார். "இப்பல்லாம் தட்டையாத்தான் வைக்கிறாங்க தம்பி, நமக்கும் மாத்துங்க" என்றார். ஆஸ்பத்திரியில் கிடப்பவனை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ இல்லாமலும் என்னால் முடியும் என்று காட்டும் ஆசையும் உள்ளே இருந்தது. உன் கோப்பைத் திறந்து, எல்லா அடுக்குகளையும் ஒன்றாக்கி, மேலே ஒரே பச்சையைப் பூசி, அதே பெயரில் சேமித்தேன். நகல்கூட எடுத்து வைக்கவில்லை.

கையில் கட்டோடு வந்து உட்கார்ந்தவன் கோப்பைத் திறந்தாய். பதினான்கு அடுக்கு இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. கத்துவாய் என்று காத்திருந்தேன்.

"கேட்டிருக்கலாமேடா" என்றாய்.

"மண்டிக்காரரு அவசரப்பட்டாரு" என்றேன்.

தலையாட்டிவிட்டு வேறு வேலையை எடுத்துக்கொண்டாய். நாளைக்கு மன்னிப்புக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப் போட்டேன். அடுத்த மாதமே உன் ஊர் லப்பைக்குடிக்காட்டில், துபாயிலிருந்து உன் அண்ணன்கள் வந்து சேரும் முன்பே, உன்மேல் மூன்று கைப்பிடி மண் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகுதான் கடைக்குப் போன் வர ஆரம்பித்தது. சிறுவாச்சூர்ப் பக்கம் ஒரு விவசாயி, "தம்பி, இன்றைய விலைன்னு போட்டிருக்கு, கீழ வெலையக் காணுமே? மூட்டை ஏத்தி வச்சுட்டு நிக்கிறேங்க" என்றார். அதை வெறும் தலைப்பு என்று நினைத்திருக்கிறார். அமுக்க வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை. உன் பட்டன் இருந்தவரை இப்படி ஒரு போன் வந்ததில்லை.

அதைத் திரும்பச் செய்ய உட்கார்ந்தேன். பச்சை வந்தது, நிழல் வந்தது. உன் மானிட்டரில் போட்டுக் காட்டினால் அக்கா, "நல்லாருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுப் பூக்கட்டப் போய்விட்டார். நாலு நாளும் இதே கதைதான். ஐந்தாம் நாள், நீ போனபிறகு யாரும் உட்காராத உன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஷட்டர் உனக்கு இடது பக்கம். உன் டீ கிளாஸின் இடது விளிம்பில் ஒரு வெள்ளைக் கீற்று மின்னியது. என் இடத்திலிருந்து ஷட்டர் வலது பக்கம், அதனால் நான் வெளிச்சத்தை வலது ஓரத்தில் வைத்திருந்தேன். கடைக்குள் வந்த வெயிலைத்தான் நீ வரைந்திருக்கிறாய். இத்தனை வருஷம் எதிரே இருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

கீற்றை இடது பக்கம் மாற்றிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். ஈர விரல் நேராக வந்தது.

"இதுவும் அமுங்கலியே தம்பி?"

அழுதுவிட்டேன் மாப்ள.

மண்டியின் வெப்சைட்டில் இப்போதும் அந்தப் பட்டன்தான் இருக்கிறது. நான் உன் நாற்காலிக்கு மாறிவிட்டேன். எந்தக் கோப்பிலும் அடுக்குகளை ஒன்றாக்கப் போனால், மறைந்திருப்பவற்றை நீக்கிவிடவா என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்கும். வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். உன் பட்டனை மாற்றிய அன்றைக்கும் அது கேட்டது. நான்தான் உன்னைக் கேட்கவில்லை. மன்னிச்சிடுடா.